எச்சரித்து அனுப்பப்பட்டோம்

பதினாறு வயதில் நானும் என் வகுப்புத் தோழியும் ஒரு ஸ்கூட்டியைத் திருடிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். திருடினோம் என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு அந்தச் சொல் எங்கள் தலைக்குள் எங்கேயும் இல்லை. தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு போவார்களே, அப்படித்தான் போனோம்.

மார்கழி பிறக்கும் முன்பே அந்த வருடம் பனி இறங்கிவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையை ஒட்டி எங்கள் ஊர். இரண்டு பக்கமும் பூத்த கரும்பு. காலையில் பார்த்தால் தண்டும் தோகையும் பனிக்குள் மறைந்துபோய், வெள்ளைப் பூக்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதற்கெல்லாம் பின்னால், மேகமா மலையா என்று தெரியாதபடி ஒரு நீலக் கோடு. பிறந்ததிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட்டால் அப்பா, "மலையில இன்னா இருக்குது, கல்லும் குச்சிக்கிழங்கும்தான். நம்ம கொல்லையிலயே இருக்குதே" என்பார்.

தோழியின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். அவளுக்கு அப்பா இல்லை, ஒரு சின்னத் தம்பி உண்டு. அவள் அம்மா எங்கள் நிலத்துக்குக் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் வருவார். நாங்கள் இரண்டு பேரும் பிளஸ் ஒன், ஒரே பெஞ்சு, ஒரே பஸ். நோட்டு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் களத்தில் நின்று என்னைக் கூப்பிடுவாள். உள்ளே வா என்று நான் சொன்னதில்லை. அவளும் வந்ததில்லை. அதை ஒரு விஷயமாக நான் நினைத்ததும் இல்லை.

அது ஒரு புதன்கிழமை. பஸ் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே துணை சுகாதார நிலையம். அதன் வாசலில் நர்சம்மாவின் ஸ்கூட்டி நின்றது. கால் வைக்கும் இடத்தில் ஒரு நீலப் பெட்டி. சாவி வண்டியிலேயே தொங்கியது. நர்சம்மா எதையோ மறந்து உள்ளே போயிருந்தார். பீரோவைத் திறந்து மூடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"பஸ் போயிருக்கும்டி. இனிமே போனா வெளியதான் நிக்க வைப்பாங்க" என்றாள் அவள்.

நான் மலையைப் பார்த்தேன். அன்று பனி பாதி விலகியிருந்தது. கோடு, கோடாக இல்லாமல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது.

"அணை வரைக்கும் போய்ட்டு வந்துடலாமா?" என்றேன்.

"எதுல?"

நான் சாலையைக் கடந்து போய் வண்டியில் உட்கார்ந்தேன். கோடை லீவில் மாமா வீட்டு ஸ்கூட்டியைக் களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியிருந்தேன். பிரேக்கைப் பிடித்து பட்டனை அழுத்தினேன். "வேணாம்டி, ஏய், வேணாம்டி" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடி வந்தாள். சொல்லிக்கொண்டேதான் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வந்தது. தண்ணீர் மேல் வெண்புகை படுத்திருந்தது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். நான் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. சாலை மரங்களுக்குள் நுழைந்து மேலே திரும்பியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கீழே இருந்த ஊர்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஓர் இடத்தில் எங்கள் ஊரின் தண்ணீர்த் தொட்டி இதுதான் என்று ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினேன். அது வேறு ஊர்த் தொட்டியாகவும் இருக்கலாம்.

பிறகு பனிக்குள் போனோம். அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முன்னால் பத்தடிச் சாலை மட்டும் இருந்தது. நாங்கள் போகப் போக அது முளைத்துக்கொண்டே வந்தது. மாடுகள் திடீரென்று உருவாகி, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி கரைந்தன. விறகுக்கட்டு சுமந்த ஒரு பெண் எதிரே வந்தார். கட்டுதான் முதலில் தெரிந்தது, பிறகுதான் அவர். எங்களுக்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தார். தோழி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். அவள் பாடிக்கொண்டிருந்தாளா, குளிரில் பல் அடித்துக்கொண்டதா, தெரியாது. ஏதோ ஒரு சத்தம் என் முதுகு வழியாக எனக்குள் வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடம், பரீட்சை, வீடு எதுவும் நினைவில் இல்லை. வண்டி யாருடையது என்பதும் நினைவில் இல்லை.

கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் ஜல்லி கொட்டியிருந்தது. வண்டி மெதுவாக, பாய் விரிவதுபோல, பக்கவாட்டில் படுத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு முழங்கையில் தோல் வழித்து ரத்தம். வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. நீலப் பெட்டி உருண்டு புல்லில் கிடந்தது.

"தண்ணி இருக்கும் பாரு" என்று அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தட்டையான ஐஸ் பொட்டலங்கள். ஒன்றை எடுத்து முழங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆ... ஜில்லுனு இருக்குதுடி."

பொட்டலங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பையில் சின்னச் சின்னக் குப்பிகள் இருந்தன. ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்ததைப் படித்தேன். பெயர் புரியவில்லை. ஆனால் என்னவென்று புரிந்துவிட்டது. புதன்கிழமைதோறும் எங்கள் ஊரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி.

"ஊசி மருந்துடி இது" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு குளிர் வெறும் குளிராக இருந்தது.

திரும்பிவிடலாம் என்று வண்டியை நிமிர்த்தினால் அது கிளம்பவில்லை. பெட்ரோல் தீர்ந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெட்டிக்கடை வரை போனோம். பாட்டிலில் பெட்ரோல் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் எங்கள் சீருடையைப் பார்த்தார். வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த சிவப்புச் சிலுவையைப் பார்த்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. டீ குடிங்க. பெட்ரோல் வருது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் யாருக்கோ போன் பேசினார். டீ வந்தது. பெட்ரோலுக்குப் பதிலாக மஃப்டியில் ஒரு பெண் காவலர் வந்தார். கீழே நர்சம்மா ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்.

எங்களை ஸ்டேஷனுக்குள் கூட்டிப் போகவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அங்கே உட்கார வைக்கக் கூடாதாம். அதற்கென்று பொறுப்பில் இருக்கும் எஸ்.ஐ. அம்மா கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டும், அதுவரை எங்கே உட்கார வைப்பது என்று அந்தக் காவலர் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் ஓர் அங்கன்வாடி இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டார்.

சுவரெல்லாம் பட்டாம்பூச்சி, மீன், ரயில். மூலையில் எடை பார்க்கும் தராசு. எங்களுக்குக் கிடைத்தவை குழந்தைகளின் நாற்காலிகள்தான். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். சாப்பாடு முடிந்ததும் ஆசிரியை பாய்களை விரித்தார். குழந்தைகள் வரிசையாகப் படுத்து, ஒன்றன் பின் ஒன்றாகத் தூங்கிப்போயின. ஆசிரியை எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அதனால், போலீஸ் எங்களை விசாரித்ததும் எச்சரித்ததும், முதலிலிருந்து கடைசி வரை, கிசுகிசுப்பாகவே நடந்தது.

அப்பா மாமாவின் காரில் வந்தார். வாசலிலேயே, "ஏய், இன்னா காரியம்..." என்று ஆரம்பித்தார். ஆசிரியை ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். "புள்ளைங்க தூங்குதுங்க" என்றார். வாழ்க்கையில் யாருக்கும் குரலைத் தாழ்த்தாத என் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு, பாய்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. சாதாரணப் பருத்திப் புடவையில் ஒரு பெண் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். தூக்கம் போதாத முகம். அவருக்குப் பின்னால் தோழியின் அம்மா இறங்கினார். மேலே வர அந்த நேரத்துக்கு பஸ் இல்லை என்பதால், வழியில் கரும்புக் கொல்லையிலிருந்தே அவரைக் கூட்டி வந்திருந்தார் எஸ்.ஐ. அம்மா. தோகை கீறிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தோழியின் அம்மா சுவரோரமாக நின்றார். போலீஸ் ஜீப்பில் அவர் வந்து இறங்கியது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"நாற்காலி இருக்குதே, உக்காருங்க" என்றார் எஸ்.ஐ. அம்மா.

தோழியின் அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். எஸ்.ஐ. அம்மா நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டு நோட்டைத் திறந்தார்.

அப்பா முன்னால் குனிந்தார். "அம்மா, எங்க வூட்டுப் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தனியா எங்கயும் போனதே கெடையாது. கூட சேந்ததுதான் தப்பு. அந்தப் பொண்ணு இஸ்துக்கினு போயிருக்கு."

கிசுகிசுப்பாகச் சொன்னதால் அது இன்னும் உண்மை மாதிரிக் கேட்டது.

"அவங்களே சொல்லட்டுங்க" என்றார் எஸ்.ஐ. அம்மா. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "வண்டிய யார் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. வாய் இருந்த இடம் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை தூக்கத்தில் எதையோ சப்பியது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றாள் தோழி.

அவள் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையின் ஆரம்பம்தான், ஆனால் தூங்கும் குழந்தைகளைப் பார்த்து அதை முந்தானையில் அடக்கிக்கொண்டார். அப்பா பின்னால் சாய்ந்தார்.

எஸ்.ஐ. அம்மா எழுதினார். எழுதிவிட்டு, சாதாரணமாக, "வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்ண?" என்று அவளிடம் கேட்டார்.

"சாவியத் திருப்பினேங்க. கெளம்பிடுச்சு."

"வேற ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லீங்க."

எஸ்.ஐ. அம்மா பேனாவை மூடினார். யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் என்னைக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு முழு மத்தியானம்.

"பிரேக்கப் பிடிச்சிக்கினு பட்டன அழுத்தணும்" என்றேன் கடைசியில். "நான்தான் எடுத்தேன். நான்தான் ஓட்டினேன். அது வேணாம்னுதான் சொல்லிக்கினு வந்தது."

அப்பா எழுந்து வெளியே போனார். குட்டி நாற்காலி அவரோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு எழுந்து, பிறகு விழுந்தது. ஒரு குழந்தை விழித்து எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. இதைத் துணிச்சல் என்று யாராவது நினைத்தால் தவறு. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு சொன்ன உண்மை அது. என் தோழிக்கும் அது தெரியும்.

அப்பா திரும்பி வந்த பிறகு எஸ்.ஐ. அம்மா எச்சரிக்கையைச் சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கேளுங்க. அடுத்தவங்க வண்டியக் கேக்காம எடுத்தது திருட்டு. வெளையாட்டு இல்ல. மொதல் தடவ, சின்னக் குத்தம், உங்க வயசு இதெல்லாம் பாத்து நான் எஃப்.ஐ.ஆர். போடல. ஸ்டேஷன் பொது டைரியில எழுதிக்கிறேன். உங்க வூடு, படிப்பு, சூழ்நில பத்தி ஒரு ரிப்போர்ட் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவேன். அவங்க கூப்பிட்டா போகணும். இது கோர்ட் இல்ல, தண்டனையும் இல்ல. அதனால ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சிக்காதீங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் இந்த மாதிரி தரையில உக்காந்து பேச மாட்டேன்."

இதையே இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை என்னைப் பார்த்து. ஒரு தடவை அவளைப் பார்த்து. வார்த்தை மாறாமல். எடுத்தவள் நான், அவளுக்கு எதற்கு அதே எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றியது. அவளே அதைக் கேட்டுவிட்டாள்.

"நான் எடுக்கலியேங்க?"

"ஏறி உக்காந்தல்ல? பெட்டியத் தொறந்தல்ல?" என்றார் எஸ்.ஐ. அம்மா. "அப்புறம், பொய் வேற சொன்ன. அத நான் எழுதல."

பிறகு தாளில் மூன்று விஷயங்கள் எழுதிப் படித்துக் காட்டினார். கண்ணாடியை அப்பா சரி செய்து தர வேண்டும். நாங்கள் நர்சம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டு, அவர் சொல்லும் உதவியைச் செய்ய வேண்டும். இரண்டு பேரும் பிளஸ் டூ முடியும் வரை பள்ளிக்கூடம் போக வேண்டும்; மாதம் ஒரு சனிக்கிழமை வருகைப் பதிவை எழுதி வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் அவரிடம் காட்ட வேண்டும்.

"சனிக்கெழம கொல்லையில ஆளுங்க வேல இருக்கும், இத்தக் கூட்டிக்கினு வர முடியாதுங்க" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும்" என்று மறுபடி சொன்னார் அவர்.

கையெழுத்துப் போட்டோம். அப்பா போட்டார். தோழியின் அம்மா பெயரை எழுத்துக் கூட்டி, நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார். கடைசி வரியில் 'எச்சரித்து அனுப்பப்பட்டார்கள்' என்று இருந்தது. யாரையோ தூரத்து ஊருக்கு வழியனுப்பி வைத்ததுபோல அந்த வரி எனக்குப் பட்டது.

திரும்பும்போது நான் அப்பாவோடு காரில். அவள் தன் அம்மாவோடு ஜீப்பில். வளைவு வளைவாக இறங்கினோம். பனி தீர்ந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது வேறொரு நாளின் வெயில் மாதிரி இருந்தது.

அடுத்த புதன்கிழமை தேர்வு முடிந்து மத்தியானமே விட்டார்கள். இரண்டு பேரும் நர்சம்மாவிடம் போனோம். மன்னிப்புக் கேட்க வீட்டிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டன.

"வண்டிய எடுத்துக்கினு போனீங்க, சரி" என்றார் அவர். "அந்தப் பெட்டிய எறக்கி வச்சிட்டுப் போயிருக்கலாமில்ல? ஒம்போது தாய்ங்க புள்ளையத் தூக்கிக்கினு வேப்பமரத்துக் கீழ உக்காந்திருந்தாங்க. மருந்து திரும்ப வர சாயந்தரம் ஆயிடுச்சி. அதுக்குள்ள நாலு பேரு கூலி வேலைக்குப் போய்ட்டாங்க. அந்த நாலு புள்ளைக்கும் இன்னும் போடல. நீங்க போய்க் கூட்டிக்கினு வாங்க."

நான்கு பேரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில். நான் அங்கே போனதே இல்லை. தோழி முன்னால் நடந்தாள், நான் பின்னால். மலையிலிருந்து வந்த பிறகு நாங்கள் அவ்வளவாகப் பேசியிருக்கவில்லை. பெஞ்சில் எங்களுக்கு நடுவே அவள் பை இருந்தது.

வாய்க்கால் மதகின் மேல் நின்று, "ஏன் நான்தான்னு சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் மதகின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீரில் ஒரு காலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா உங்க கொல்லையிலதான வேல செய்யுது" என்றாள். "உங்கப்பா சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் இல்லன்னா, நாளைக்கு எங்கம்மா எங்க போவும்?"

நான் மதகில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினேன்.

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். "அங்க தூங்கிக்கினு இருந்த புள்ளைங்கள எண்ணினேன். பதினாலு. நீ சொல்லல. திரும்ப எண்ணினேன். அப்புறம்தான் நீ சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் காட்டுவதுபோலச் சொன்னாள். நான், "தப்புதான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து நடந்தாள்.

மூன்று வீட்டுக் குழந்தைகள் சுலபமாகக் கிடைத்தன. நாலாவது குழந்தையின் அம்மா வயலில் இருந்தார். அவர் வரும்வரை தோழியின் வீட்டு வாசலில் நின்றோம். அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசல் நிழல் என் கால் வரைக்கும் வந்து நின்றது. தகரக் கதவு, உள்ளே ஒரு மின்விசிறி, சுவரில் அவள் எட்டாம் வகுப்பில் வாங்கிய ஓட்டப்பந்தயச் சான்றிதழ். எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தன. என்னைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த யோசனை எனக்குப் புதிது. வெயிலில் தலை லேசாகச் சுற்றியது. எங்கோ ஒரு வானொலி, ஒரு சேவல். சாயந்தரம் நான்கு குழந்தைகளும் ஊசி போட்டுக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதன.

முதல் சனிக்கிழமைக்கு அவளும் அவள் அம்மாவும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அப்பா என்னை விட்டுவிட்டு கரும்பு விதைக்கரணை பார்க்கப் போய்விட்டார். எஸ்.ஐ. அம்மா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தனி அறையில், அன்றும் புடவையில், தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோழியின் அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எந்தம்பி திருப்பூர்ல ஒரு மில்லுல சொல்லி வச்சிருக்குதுங்க. ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க. பரீச்ச ஆனதும் அனுப்பிடலாம்னு..."

தோழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்பதும், என்னிடம் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

எஸ்.ஐ. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைத் திறந்தார். அந்தத் தாளை எடுத்துத் தோழியின் அம்மா முன்னால் வைத்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது? படிங்க."

தோழியின் அம்மா விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "பள்ளிக்கூடம்... போக... வேண்டும்."

"மில்லுன்னு எங்கயாவது இருக்குதா?"

"இல்லீங்க."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நானும் போட்டிருக்கேன். குழுமத்துக்கும் இதத்தான் அனுப்பியிருக்கேன். பொண்ணு பள்ளிக்கூடத்துல இல்லன்னா நான் பதில் சொல்லணும். உங்க தம்பிய வந்து என்கிட்ட பேசச் சொல்லுங்க."

அந்தத் தம்பி வரவில்லை. போலீஸ்காரர் கையெழுத்து இருக்கிறது என்று தோழியின் அம்மா ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவமானம் என்று அவர் மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்த தாள் அவருக்கு ஒரு பிடிமானமாக ஆனது. வீட்டில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் அம்மா செருகி வைத்திருப்பதாகத் தோழி ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மலைக்குப் போய் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

குழுமம் எங்களை ஒரே ஒரு முறை கூப்பிட்டது. ஒரு சாதாரண அறை, ஒரு மேசை, மூன்று பேர். பெயர் கேட்டார்கள், என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டார்கள். நான் உயிரியல் என்றேன், அவள் வேதியியல் என்றாள். இனி இப்படிச் செய்யாதீர்கள் என்றார்கள். அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அப்பா பேசினார். என்னிடம் இல்லை. தோழியின் அம்மாவிடம்.

"வெயில்ல நிக்காத. இப்படி நெழல்ல வந்து நில்லு."

மன்னிப்பு என்றோ வருத்தம் என்றோ எதுவும் இல்லை. தோழியின் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டடி தள்ளி நிழலுக்குள் வந்து நின்றார். என் வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிட்டதாக நான் எழுதமாட்டேன். அப்பா இன்றைக்கும் அப்பாதான். ஆனால் அதற்குப் பிறகு என் தோழியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை.

பிளஸ் டூ முடித்து நான் விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போனேன்; இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அவள் ஆய்வகப் படிப்பு படித்தாள். இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். எஸ்.ஐ. அம்மா மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். பெயர்கூட எங்களுக்கு முழுதாகத் தெரியாது. கேட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் நெருங்கிய தோழிகள் என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை, சில சமயம் அதுவும் இல்லாமல், போனில் பேசுவோம். போன வாரம் அவளே கூப்பிட்டாள். அவள் தம்பிக்குக் கல்லூரிச் சேர்க்கை, எங்கள் பக்கத்தில் நல்ல ஹாஸ்டல் எது என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அவள் ஷிஃப்ட் முடியும் நேரம் என்று சொல்லியும் வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். நெடுஞ்சாலை லாரிச் சத்தம், யாரோ மருந்துச் சீட்டு கேட்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அங்கே மழை பிடித்துவிட்டதாம். எங்கள் பக்கம் இன்னும் இல்லை என்றேன். வரும், இருடி என்றாள். இரண்டு பேரும் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.